பெரட்டுக்களத்தில் ஒரு காமெடி

‘தலைவெட்டியான் பாளையம்’ பார்த்தாச்சா? பிரைம் வீடியோவில் 2024 செப்டெம்பர் 20ஆம் திகதி வந்த தொடர். மொத்தம் எட்டு எபிசோட். பார்க்காதவர்கள் முதல் எபிசோடையாவது பார்த்துவிட்டு வாங்க, நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

ஆபீஸை வைத்து எடுக்கிற காமெடித் தொடர்களில், முதல் அரை மணி நேரத்திலேயே முக்கால்வாசி விஷயம் முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. யார் முதலாளி, யார் வேலையாள் என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். யாருடைய கண்ணை இரவல் வாங்கிச் சிரிக்கப் போகிறோம் என்பதுதான் அங்கே முடிவாகிற விஷயம். நோட்டன் பிரிட்ஜில், தேயிலை மலைக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தொலைந்த சாவி

இந்தியில் ‘பஞ்சாயத்து’ என்று 2020 ஏப்ரலில் வந்து சக்கைபோடு போட்ட தொடரின் தமிழ் வடிவம் இது. அங்கே உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்து ஃபுலேரா கிராமம். இங்கே திருநெல்வேலிப் பக்கத்துத் தலைவெட்டியான் பாளையம். படித்த நகரத்துப் பையன், வேறு நல்ல வேலை அமையாமல், ஒரு குக்கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராக வந்து சேர்கிறான். தமிழில் அந்தப் பையன் அபிஷேக் குமார். இயக்கம் நாகா. ஆமாம், ‘மர்மதேசம்’ நாகாவேதான். ஊர்த் தலைவியாகத் தேவதர்ஷினி, அவர் கணவராகச் சேத்தன். நிஜத்திலும் கணவன் மனைவியான இந்த இரண்டு பேரும் நாகாவின் ‘விடாது கருப்பு’வில் நடித்தவர்கள். பழைய டிவி ரசிகர்களுக்கு அதுவே தனிச் சந்தோஷம்.

இந்தி மூலத்தின் முதல் எபிசோட் ஒரு பூட்டில் தொங்குகிறது. மாதம் இருபதாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு வந்து இறங்கும் அபிஷேக் திரிபாதிக்கு, பஞ்சாயத்து அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. சாவி தலைவரிடம். தலைவரோ காலையில் வயல் பக்கம் ஒதுங்கப் போன இடத்தில் அதைத் தொலைத்துவிட்டார். உதவியாளர் ஒரு பக்கம், துணைத்தலைவர் ஒரு பக்கம் என்று ஊரே சாவி தேடுகிறது. அரசாங்கத்தின் அதிகாரக் கடிதத்தோடு வந்தவன் வாசலில் நிற்கிறான். இவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஊரில் அதிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சாவி தொலைத்தவர் உண்மையில் தலைவரே இல்லை, தலைவியின் புருஷன். தேர்தலில் வென்றது மனைவி, நாட்டாமை செய்வது கணவன். இந்தியாவில் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஒதுக்கிய நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் தொடர் சிரித்துக்கொண்டே காட்டுகிறது.

எங்கள் பெரியம்மா மலையில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். போனில் அவருக்குத் தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். பூட்டுக்கு முன்னால் எல்லோரும் கைபிசையும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடுகிற புள்ளமடுவம் ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு.

“நம்ம புள்ளமடுவத்துலயும் இப்பிடித்தான் தம்பி. ஆயம்மா சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு ஹட்டனுக்குப் போயிருச்சு. புள்ளைங்கள இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறோம். மலையில பேர் போட்டாச்சான்னு ஒரு பக்கம் பயம்.”

தலைவியின் புருஷனைப் பார்த்ததும் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “கொழுந்து நாங்க எடுப்போம், சம்பளத்துக்குக் கைநீட்டுறது உங்க பெரியப்பா. எல்லா ஊர்லயும் ஒரே கூத்துதான் போல.” மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மேலே நிற்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், தொரை எல்லோரும் காலம் காலமாக ஆண்கள். மனைவி சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கி வருவதும் தோட்டங்களில் நெடுநாள் நடந்த வழக்கம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் பெரியம்மா முகம் மாறியது. பையன் இந்த ஊரை விட்டு எப்படியாவது தப்பிக்கப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும்போது சொன்னார்: “அவனுக்கென்னா, புடிக்கலன்னா பஸ் ஏறிப் போயிருவான்.”

இந்தத் தொடர் யார் கண்ணால் பார்க்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். வந்தவன் கண்ணால். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், வேடிக்கையானவர்கள், கடைசியில் அவனை மாற்றுகிறவர்கள். ஆனாலும் ஊரைப் பார்த்து முதலில் புருவம் தூக்குகிறவன் அவன்தான். நாமும் அவனோடு சேர்ந்து தூக்குகிறோம்.

இடைச்செருகலாக ஒன்று. எங்கள் பக்கத்தில் உள்ளூராட்சியை வைத்துத் தொடர் எடுத்தால் பூட்டே தேவைப்பட்டிருக்காது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கையை விரித்துக்கொண்டிருந்தார்கள். அது திருத்தப்பட்டது 2018இல். அதுவரைக்கும் வோட்டுக் கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம், ரோட்டுப் போட வர முடியாது. ஆபீஸ் விரியத் திறந்திருக்கும், உள்ளே ஆளும் இருப்பார், நமக்கு வேலை மட்டும் நடக்காது. காமெடி எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பத்துச்சீட்டில் விளையாட்டு

இந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் பெரியண்ணன் ‘தி ஆபீஸ்’. ரிக்கி ஜெர்வேஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் சேர்ந்து எழுதி இயக்கியது. முதல் எபிசோட் 2001 ஜூலை 9இல் பிபிசி இரண்டாவது சனலில் வந்தது. லண்டனுக்குப் பக்கத்து ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித வியாபாரக் கம்பனியின் கிளை. மேனேஜர் டேவிட் பிரென்ட், தான் பெரிய நகைச்சுவைக்காரன் என்ற நினைப்பில் திரிகிற ஆள். இரண்டு கிளைகளில் ஒன்றை மூடப் போகிறோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர் ஊழியர்களிடம் ஒன்றுமில்லை என்று பூசி மெழுகுகிறார்.

இதே கதையை, கிட்டத்தட்ட இதே வசனங்களோடு, அமெரிக்காவில் என்பிசி 2005 மார்ச் 24இல் காட்டியது. ஊர் பென்சில்வேனியாவின் ஸ்க்ரன்டன். பிரென்ட் இடத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட். சக ஊழியனின் ஸ்டேப்ளரை ஜெலிக்குள் வைத்து உறைய வைக்கிற குறும்புகூட அப்படியே வந்தது. முதல் நாள் ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், அடுத்த வாரங்களில் கூட்டம் கரைந்தது. அந்தத் தொடர் தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது இரண்டாவது எபிசோடில், அமெரிக்க ஆபீஸுக்கென்றே எழுதிய கதையில்தான். 2019இல் ஹாட்ஸ்டார் இந்தியில் எடுத்தபோது கம்பனி ஃபரிதாபாதுக்கு வந்தது. சட்டமும் அச்சும் அதே.

‘தி ஆபீஸ்’ முதல் எபிசோடின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. புதிதாக வந்த தற்காலிக ஊழியன் முன்னால் மேனேஜர் ஒரு ‘ஜோக்’ செய்கிறார். வரவேற்பு மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு, ஆபீஸின் ஒட்டுத்தாள்களை நீ திருடிவிட்டாய், உன்னை வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்கிறார். பிரிட்டனில் டான், அமெரிக்காவில் பாம். அவள் நம்பி அழத் தொடங்குகிறாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார் இவர். யாரும் சிரிப்பதில்லை.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. நான் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“பத்துச்சீட்டக் கிழிக்கிறதுல என்னாப்பா வெளையாட்டு?”

இளைய வாசகர்களுக்காக: அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு அனுப்பும்போது தோட்டத்து ஆபீஸ் கொடுக்கிற துண்டுதான் பத்துச்சீட்டு. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கையில் வந்தால் இந்தத் தோட்டத்தில் இருக்க முடியாது. குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் தோட்டத்துடையது. வேலை போனால் அடுப்பும் போச்சு, கூரையும் போச்சு. டான் அழுதுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். எங்கள் பாட்டிமாருக்குப் போவதற்கு வீடு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. வேலை செய்கிற இடமே வீடு, வீட்டுக்காரரே தொரை.

சரி, அந்தக் காட்சி அப்போ தோல்வியா? இல்லவே இல்லை. நான் பார்த்த முதல் எபிசோடுகளில் இவ்வளவு சரியாக எடைபோட்டு எழுதிய காட்சி குறைவு. அழுகிறவள் பக்கம் கேமரா நிற்கிறது. அசடு வழிகிறவர் மேனேஜர். அந்தக் கண்ணீர் விழாமல் போயிருந்தால், அடுத்து வரும் எபிசோடுகளில் நாம் மேனேஜரின் கையாளாக இருந்து சிரித்திருப்போம். விழுந்த பிறகு, சிரிப்புக்கெல்லாம் கணக்குக் கேட்க ஒரு ஆள் வந்துவிட்டாள்.

கேமராவைப் பார்க்கிறவர் யார்?

‘தி ஆபீஸ்’ ஆவணப்படம் மாதிரி எடுக்கப்பட்டது. யாரோ ஒரு படப்பிடிப்புக் குழு ஆபீஸுக்குள் வந்து எல்லாவற்றையும் பதிவு செய்வதாகப் பாவனை. மேனேஜர் உளறும்போதெல்லாம் பிரிட்டனில் டிம், அமெரிக்காவில் ஜிம் என்ற சாதாரண விற்பனை ஊழியன் திரும்பி நேராகக் கேமராவைப் பார்ப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். “பார்த்தீங்கல்ல?” என்பதுபோல் ஒரு பார்வை. அந்த ஆபீஸின் உண்மையான தீர்ப்பு அந்தப் பார்வையில் இருக்கிறது.

இப்போ எங்கள் பக்கம் வருவோம். இலங்கையில் கேமராவுக்கு அதிகம் நின்றவர்கள் யார் என்று கேட்டால், கொழுந்தெடுக்கும் பெண்கள் என்று யோசிக்காமல் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்து தபால் அட்டையிலிருந்து இன்றைய தேயிலைப் பெட்டி வரைக்கும் அவர்கள் முகம்தான். ரோட்டோரத்தில் வேனை நிறுத்திவிட்டு உல்லாசப் பயணிகள் எடுக்கிற படமும் அதேதான். எல்லாப் படத்திலும் நெற்றியில் கூடைக் கயிறு, கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகத்தில் சிரிப்பு. சிரிக்கச் சொல்லி எடுத்த சிரிப்பு. டிம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வையை அந்தப் படங்களில் நான் கண்டதில்லை. அப்படிப் பார்த்த படங்களை அவர்கள் அச்சுக்கு அனுப்பியிருக்கவும் மாட்டார்கள்.

சிரிக்கிற படம் இல்லாதபோது எங்களுக்குக் கிடைத்தது கண்ணீர்தான். தேயிலை என்றாலே திரையில் ஒப்பாரி. பாலாவின் ‘பரதேசி’ (2013) தமிழ்நாட்டுப் பக்கத்துத் தேயிலைக் காட்டைக் காட்டியபோது தியேட்டர் விட்டு வந்தவர்கள் பேச முடியாமல் வந்தார்கள். அந்தக் கொடுமை உண்மை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லயத்தில் வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்க, நாங்கள் அழுததைவிட நையாண்டி செய்ததே அதிகம். ஒவ்வொரு தொரைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அது அவருக்குத் தெரியாது என்பதில் ஒரு பெருமையும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டினால், கங்காணி எத்தனை பாட்டில் மானம் போகிறார் என்பது தெரியும். இரவெல்லாம் நடக்கும் கூத்தில் கோமாளி வந்துவிட்டால் அவன் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. ஆபீஸ் காமெடி எங்களுக்குப் புதுசில்லை. டிவியில்தான் வரவில்லை.

டிவியே எங்களுக்கு லேட்டாகத்தான் வந்தது, அதுவும் ஒரு கறுப்பு நகைச்சுவை. எங்கள் மலை ஆற்றுத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தது 1918இல். லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். இங்கே நோட்டனில் அவர் பெயரிலேயே அணை, அவர் பெயரிலேயே 1965இல் ஒரு மின்நிலையம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அந்தக் கரண்டைக் கொழும்புக்கு அனுப்பிய மலையில் எத்தனையோ லயங்களில் குப்பி விளக்குத்தான். கார் பட்டறியைச் சார்ஜ் செய்து தோளில் தூக்கி வந்து, ஒரு காம்பராவில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் முழு லயமும் உட்கார்ந்து பார்த்த காலம் அது. படம் முடிவதற்குள் பட்டறி இறங்கிவிட்டால் மிச்சக் கதையை யாராவது ஒருவர் நடித்துக் காட்டுவார். சில நாள் அதுவே படத்தைவிட நன்றாக இருக்கும்.

எங்கள் முதல் எபிசோட்

இப்போது யாராவது எங்கள் தோட்டத்து ஆபீஸை வைத்துத் தொடர் எடுக்க வந்தால், முதல் காட்சி எதுவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். பனி மூடிய வளைவுப் பாதை, ஜீப், உள்ளே புதுச் சின்னத்தொரை. வழக்கமான கதவு அது. வெள்ளைக்காரன் காலத்தில் தொழில் பழக வந்த இளந்தொரைகளுக்குக் கிரீப்பர் என்று பெயர். அவர்களுக்காக ஏ. எம். பெர்குசன் எழுதிய தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் பழக வேண்டியது கட்டளை! அந்தக் கிரீப்பரை வைத்தும் சிரிக்கலாம், தாராளமாக. ஆனால் அவன் கண்ணால் பார்த்தால் நாங்கள் மறுபடியும் பின்னணிதான், பச்சை மலையும் கலர் சேலையுமாக.

நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்.

விடியற்காலைப் பெரட்டு, வேலைக்கு ஆள் கூடுகிற நேரம். கணக்கப்பிள்ளை, பேர் பதிகிற செக்ரோலோடு நிற்கிறார். வேலை பிரிக்கிறார். கேமரா கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணோடு மலைக்குப் போகிறது. பதினெட்டுக் கிலோ இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்பது அன்றைய கணக்கு. குறைந்தால் அரைப்பேர். அவள் பதினெட்டரைக் கிலோ எடுத்துவிட்டாள் என்பது அவள் கைக்குத் தெரியும், தராசு பிறகுதான் சொல்லும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்தால் எலெக்ட்ரானிக் தராசில் பட்டறி இறங்கிவிட்டது. பழைய தூக்குத் தராசு ஸ்டோருக்குள். ஸ்டோர்ச் சாவி பெரிய கிளாக்கரிடம். பெரிய கிளாக்கர் நோட்டன் டவுனுக்குப் போயிருக்கிறார். எல்லோரும் காத்திருக்கிறார்கள். வெயில் ஏறுகிறது. சாக்குக்குள் கொழுந்து வாடுகிறது. வாடினால் எடை குறையும்.

இங்கேதான் என் காட்சி. மழை நாளில் கொழுந்தில் தண்ணி இருக்கிறது என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். சாக்குக்கென்று ஒரு கழிவு. ஆனால் சாவி வராமல் காத்துக் கிடந்து காய்ந்துபோன தண்ணிக்கு யாரும் கூட்டிப் போட மாட்டார்கள். ஒருவழியாகத் தராசு வருகிறது. முள் பதினேழரையில் நிற்கிறது. கணக்கப்பிள்ளை வழக்கம்போல் சாக்குக்கும் கழிக்கப் பென்சிலை எடுக்கிறார். அவள் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

அவ்வளவுதான். டைட்டில் போடலாம்.

இந்தக் காட்சிக்குச் சிரிப்பு வர வேண்டுமானால் எழுதுகிறவருக்கு அரைக் கிலோவின் விலை தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம், 2021இல் அது வர்த்தமானியில் வந்த பிறகும் அரைப்பேரில் எப்படிக் கரைந்தது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோது லயத்தில் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். அது வசனத்தில் வரத் தேவையில்லை. அவள் பார்க்கிற பார்வைக்குப் பின்னால் இருந்தால் போதும். ‘பஞ்சாயத்து’ தொடரை எழுதிய சந்தன் குமாருக்குக் கிராமத்துச் சாவி எங்கே தொலையும் என்று தெரிந்திருந்தது. ஜெர்வேஸுக்கு ஆபீஸில் என்னென்ன சில்லறைத்தனம் நடக்கும் என்று தெரிந்திருந்தது, அவரும் ஆபீஸில் வேலை பார்த்தவர்தான். எங்கள் தராசில் என்ன தொலைகிறது என்று தெரிந்த பிள்ளைகள் இன்று கொழும்பில் கடையிலும் ஆபீஸிலும் வேலை பார்த்துக்கொண்டு, கையில் நல்ல கேமரா போனும் வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ குழு வரட்டும் என்று காத்திருந்தால் ஜீப்தான் வரும்.

எழுதுங்க தம்பிமாரே, தங்கச்சிமாரே. கதையை மடுவத்து வாசலில் தொடங்குங்க. புதுச் சின்னத்தொரையை இரண்டாவது எபிசோடில் கொண்டுவரலாம், அவசரமில்லை. அவர் சொகுசாகப் பங்களாவில் இருப்பார், அப்பு சமைத்துப் போடுவார்.